கூந்தலைத் தோளில் போட்ட அம்மா

இசோபே யுகாரி செத்துப்போக வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தபோது, யுகாரி அதே அறையில்தான், நீள மேசையின் கடைசி நாற்காலியில், பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் எழுந்து அவளைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கி, "ரொம்ப நன்றிங்க, சென்சே" என்றார்கள். அவளும் பழக்கதோஷத்தில் எழுந்து பதிலுக்கு வணங்கிவிட்டாள். அதையும் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

சென்சே என்பது டாக்டருக்கும் வாத்தியாருக்கும் வக்கீலுக்கும் கதை எழுதுகிறவருக்கும் நாம் கொடுக்கிற பட்டம். பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த ஆள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அதுதான் அதிலுள்ள வசதி. யுகாரி டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கவாகுச்சி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சூப்பர் மார்க்கெட்டில், சமைத்த பதார்த்தங்கள் விற்கிற பிரிவில், உருளைக்கிழங்கு கட்லெட் பொரிக்கிறவள். வயது நாற்பத்து நாலு. புருஷன் தொமொயுகியைக் கம்பெனி கித்தாக்யூஷுவுக்கு மாற்றிவிட்டது. அவன் அங்கே ஒற்றை அறையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். வீட்டில் அவளும் மகள் நாகிசாவும்தான்.

நாகிசா நடுநிலைப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வகுப்பாசிரியர் வந்து கேட்டார், பள்ளியின் ஆலோசகர் வந்து கேட்டார், மாமியார் தொலைபேசியில் கேட்டார். கதவு கதவாகவே இருந்தது. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். அம்மா வேலைக்குப் போன பிறகு குளிப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளின் முகத்தை நேராகப் பார்க்காமல் ஒருத்தி எப்படி இருக்க முடியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்க முடியும். வேறு வழி இல்லாவிட்டால் எதையும் செய்ய முடியும்.

யுகாரி ஒரு வழி கண்டுபிடித்தாள். கடையின் பழைய விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டு, மூன்று கட்டங்களில் அன்றைய கதையை வரைவாள். அம்மா கட்லெட்டைக் கருக்கினாள், மேனேஜர் மோப்பம் பிடித்தார், அம்மா கட்லெட்டை வாயில் போட்டுக்கொண்டாள். நாலாவது கட்டம் காலி. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கதவிடுக்கில் தள்ளிவிடுவாள். முதல் சில வாரம் தாள் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் நாலாவது கட்டத்தில் ஒரு புள்ளியோடு வந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்து யுகாரி சமையலறையில் நின்று அழுதாள். அப்புறம் புள்ளி கோடாயிற்று, கோடு மேனேஜரின் தொப்பையாயிற்று. தாயும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் தினமும் பேசினார்கள்.

புருஷனும் பார்க்கட்டுமே என்று அவள் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். புருஷன் பார்த்தானோ இல்லையோ, ஊரே பார்த்தது. ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு உதாகவா என்பவர் வந்தார். பெரியவர்களுக்கான குடும்ப அனிமே, அதாவது நம்மூர்க் கார்ட்டூன் படம், எடுப்பதில் பேர்போன தயாரிப்புக் கமிட்டியின் தலைவர். அந்தத் தாள்களைப் பன்னிரண்டு வாரத் தொடராக எடுக்க அனுமதி கேட்டார். யுகாரி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் தாளில் அதையே வரைந்து கதவைக் கேட்டாள். நாலாவது கட்டத்தில், டிவியில் ஒரு அம்மா தெரிய, பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பாதி திறந்த கதவு! அதற்காகத்தான் யுகாரி ஒப்பந்தத்தில் முத்திரை குத்தினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கே தொடங்கியது.

ஓகிகுபோவில் நடந்த கூட்டத்துக்கு டிவி நிலையம், விளம்பர நிறுவனம், கறி மசாலாக் கம்பெனி, காப்பீட்டுக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி, ஈமச்சடங்கு மண்டபங்கள் நடத்துகிற கம்பெனி எல்லாம் வந்திருந்தன. குடும்பக் கதைக்கு ஈமச்சடங்குக் கம்பெனி எதற்கு என்று யுகாரிக்கு அப்போது தோன்றவில்லை. உதாகவா தொண்டையைச் செருமினார்.

"நாம எடுக்கறது கொழந்தைங்க படம் இல்லீங்க. பெரியவங்களுக்கானது. கொழந்தைங்க படத்துல ஒருத்தனுக்குக் கோவம் வந்தா உலகத்தக் காப்பாத்தப் போயிடுவான். பெரியவங்க படத்துல கோவம் வந்தா பாத்திரம் கழுவுவாங்க. போன படத்துல முழுசா ஒரு வாரம் பாத்திரம் கழுவற சத்தம்தான். விருது குடுத்தாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். யுகாரியும் தட்டினாள்.

"மகள் ஏன் கதவச் சாத்திக்கிட்டா? காரணம் போடலையே, சென்சே" என்றார் டிவி நிலையத்துக்காரர்.

"எனக்கே தெரியலீங்க."

"பரவால்ல, நாங்க போட்டுக்கறோம். காரணமில்லாம கதவு சாத்துனா பாக்கறவங்க பயந்துருவாங்க. நம்ம வீட்லயும் நடந்துருமோன்னு தோணும்."

அடுத்தது அப்பா. கித்தாக்யூஷு வேண்டாம் என்றார்கள். அங்கிருந்து ரயில் ஏறினால் வந்துவிடுவார். அப்பா வந்துவிட்டால் கதை முடிந்தது. சிங்கப்பூர் என்று போட்டுக்கொள்ளலாம். இந்தக் கமிட்டியின் படங்களில் அப்பாக்கள் எல்லாரும் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் கூடினால் அங்கே தனியாக ஒரு பள்ளிக்கூடமே திறக்கலாம்.

தலைமை ஓவியர் ஷிராகுரா அம்மாவின் படத்தைத் திரையில் போட்டார். யுகாரி சுற்றுமுற்றும் பார்த்தாள். திரையில் இருந்தவள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறவளைப் போல் இருந்தாள். கண் இரண்டும் சாஸர் அகலம்.

"எனக்கு நாப்பத்து நாலு வயசுங்க" என்றாள் யுகாரி மெதுவாக.

"தெரியுங்க. ஆனா வாய் ஓரத்துல ஒரு கோடு போட்டா பாட்டியாயிடுது, சென்சே. இந்தக் கலையில பொண்ணுக்கும் பாட்டிக்கும் நடுவுல கோடே இல்ல. அம்பது வருஷமாத் தேடறோம்" என்றார் ஷிராகுரா. உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா உங்க மூலக்கதைக்கு மரியாதை குடுக்கணும்னு ஒண்ண மட்டும் தொடாம வெச்சிருக்கேன். கூந்தல்."

அது உண்மை. திரையில் இருந்தவளும் யுகாரியைப் போலவே கூந்தலைத் தளர்வாக ஒரு பக்கமாகச் சேர்த்து, கீழே ஒரு ரப்பர் போட்டு, தோளுக்கு முன்னால் விட்டிருந்தாள். யுகாரிக்கு முதல் தடவையாக மனசு லேசானது.

"ரொம்ப அழகா வந்திருக்கு. அப்ப இவங்க எத்தனாவது வாரத்துல சாகறாங்க?" என்று கேட்டார் டிவி நிலையத்துக்காரர், மழை எப்போது நிற்கும் என்று கேட்கிற குரலில்.

"மூணாவது வாரம்" என்றார் உதாகவா.

"யாரு சாகறாங்க?" என்றாள் யுகாரி.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். விளம்பர நிறுவனத்து மியாசே என்ற இளம்பெண் முதலில் சிரித்தாள். "சென்சேவுக்கு எவ்வளவு அடக்கம்! நீங்கதானே வரைஞ்சீங்க? முதல் தாள்லேருந்தே கூந்தலத் தோள்ல போட்டிருக்கீங்க. தோள்ல கூந்தல் போட்ட அம்மா எந்தப் படத்துல உசுரோட இருந்திருக்காங்க? மொதக் காட்சியில சிரிப்பாங்க, மூணாவது வாரம் கறுப்பு ரிப்பன் கட்டின படச்சட்டத்துக்குள்ள இருப்பாங்க. பாக்கறவங்களுக்கே தெரியும். நீங்க எவ்வளவு நாசூக்கா முன்கூட்டியே சொல்லியிருக்கீங்கன்னு நாங்க எல்லாரும் அசந்து போயிட்டோம்."

"அய்யோ, இல்லீங்க" என்றாள் யுகாரி. "எனக்கு வலது தோள் வலி. நாப்பதுத் தோள்னு சொல்வாங்களே, அது. கையப் பின்னால தூக்க முடியாது. அதனால முன்னால இழுத்துக் கட்டிக்கறேன்."

கறி மசாலாக் கம்பெனிக்காரர் குறிப்பெழுதுவதை நிறுத்தினார்.

"தோள்வலிய எப்படி வரையறது, சென்சே?" என்று கேட்டார் ஷிராகுரா. கிண்டல் இல்லை, அவருக்குத் தெரியவில்லை.

பிறகு எதனால் சாவது என்ற விவாதம் நடந்தது. கைக்குட்டையில் ரத்தம் பழசாகிவிட்டது. லாரி மோதலாம் என்றார்கள். காப்பீட்டுக் கம்பெனி ஒப்பவில்லை. கட்லெட் எண்ணெய் வேண்டாம் என்று சூப்பர் மார்க்கெட் சார்பில் யாரோ முன்னமே சொல்லியிருந்தார்களாம். மசாலாக் கம்பெனிக்காரருக்குச் சாவு எப்படி வந்தாலும் சரி. ஆனால் முதல்நாள் ராத்திரி அம்மா கறி வைத்திருக்க வேண்டும், மறுநாள் மகள் அதைச் சுடவைத்துச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் கறி மறுநாள்தான் ருசி. கடைசியில் உதாகவா தீர்ப்புச் சொன்னார்: "காரணமே வேணாம். மழை பேஞ்சா போதும். பெரியவங்க புரிஞ்சுக்குவாங்க." அதைத்தான் ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

ஒப்பந்தப்படி யுகாரிக்குக் கண்காணிக்கிற உரிமை இருந்தது. கண்ணால் காணலாம், அத்தோடு சரி.

அந்த வாரக் கடைசியில் ஷிராகுரா வரைந்த அம்மாவின் படம் இணையத்தில் வெளியானது. மறுநாள் சாயங்காலம் யுகாரி வேலை முடிந்து வந்து பார்த்தபோது, தாள் கதவுக்கு வெளியே கிடந்தது. நாலாவது கட்டத்தில் கறுப்பு ரிப்பன் கட்டிய ஒரு படச்சட்டம். சட்டத்துக்குள் தோளில் கூந்தல் போட்ட ஒரு பெண். கீழே எழுதியிருந்தது: 'அம்மா, உன்ன சாகடிக்கப் போறாங்க. கூந்தலப் பாத்தாலே தெரியுது. நீ ஏன் சரின்னு சொன்னே?'

யுகாரி அங்கேயே உட்கார்ந்து அடுத்த தாளை வரைந்தாள். அம்மா நடக்கிறாள், அம்மா ஓடுகிறாள், அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே தள்ளினாள். அது திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாள் தள்ளியதும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு பாதி தின்று பாதி மிச்சத்தோடு வந்தது. தட்டிப் பார்த்தாள், உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல் ஓர் அமைதி. இத்தனை நாள் கஷ்டப்பட்டுச் சாண் சாணாக ஏறியது ஒரே படத்தில் சறுக்கிவிட்டது. மகள் இனிமேல் ஒரு புள்ளிகூட வைக்காமல் போய்விடுவாளோ என்ற பயத்தில் அவளுக்குக் கட்லெட் கணக்கே தப்பியது.

"உன் சாவுத் தீர்மானத்துக்கு நீயே போயி டீ குடிச்சிட்டு வந்திருக்கியேடி!" என்றாள் கூட வேலை செய்கிற ஓனிஷியக்கா, மாவில் கையை வைத்துக்கொண்டே. "கும்பிடு வேற போட்டியாக்கும்?"

"எல்லாரும் கும்பிட்டாங்க, அக்கா. நான் மட்டும் எப்படிச் சும்மா நிக்கறது?"

"அது சரி. நாளைக்குச் சுடுகாட்டுல தள்ளினாலும் 'உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்'னு சொல்லிட்டுத்தான் எரிவே. போ, போயி அந்த ஆளு முகத்துக்கு நேரா கேளு. கட்லெட்ட நான் பாத்துக்கறேன்."

யுகாரி போனாள். உதாகவா அவளைத் தனியறையில் உட்காரவைத்து, மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

"கூந்தல வேற மாதிரி கட்டிடலாம்ல?" என்றாள் யுகாரி.

"அதெல்லாம் யோசிக்காமலா இருப்போம்? தூக்கிக் கொண்டை போட்டா அவங்க மாமியார் ஆயிடறாங்க. குட்டையா வெட்டினா விவாகரத்து. ரெட்டைப் பின்னல் போட்டா பக்கத்து வீட்டுச் சின்ன வயசுத் தோழி. விரிச்சு விட்டா பேய். அது வேற கமிட்டி."

"உசுரோட இருக்கற அம்மாக்கள் எப்படித்தான் கட்டிப்பாங்க?"

"சுருள் சுருளா, தலைக்கவசம் போட்ட மாதிரி. ஆனா அவங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலக் கார்ட்டூன் டிபார்ட்மென்ட். அங்க யாரும் சாகறதும் இல்ல, வயசாகறதும் இல்ல. அது பெரியவங்களுக்கான படம் இல்லீங்களே."

யுகாரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "என் மக பேசறத நிறுத்திட்டா. அவ தாள் திரும்பி வரதில்ல. படத்துல நான் செத்துட்டா அவ நெசமாவே உடைஞ்சு போயிடுவா. தயவுபண்ணி என்ன உசுரோட விட்டுடுங்க."

உதாகவாவின் கண்கள் கலங்கின. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "உங்க மகளுக்காகத்தான் சென்சே சொல்றேன். அம்மா செத்தாத்தான் பன்னெண்டாவது வாரத்துல மக கதவத் திறக்கறா. வேற எதுக்கும் திறக்க மாட்டா. இது இருவத்தஞ்சு வருஷ அனுபவம்."

"நான் தெனமும் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கேனே. அது பத்தாதா?"

"உக்காந்திருக்கறது காட்சி இல்ல, சென்சே."

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய மூன்றாவது வாரம் மழை பெய்தது. படத்தில்தான். அம்மா கறி வைத்தாள், குடையை விரித்தாள், சட்டத்துக்குள் போனாள். ஊரே அழுதது. இந்த அழுகை வீணாகக் கூடாது என்று கமிட்டி கூடி, இறந்துபோன பாத்திரத்துக்குப் பொதுமக்கள் கலந்துகொள்ளும் அஞ்சலி நடத்துவதென்று முடிவெடுத்தது. ஈமச்சடங்குக் கம்பெனி தன் புது மண்டபத்தைக் கொடுத்தது. நிஜமான பிக்கு ஒருவர் வந்தார். இறந்தவர்களுக்குப் பிக்கு புதிதாக வைக்கிற மறுமைப் பெயரில் படத்தின் தலைப்பும் ஒளிபரப்பாகும் கிழமையும் வருமாறு பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒருநாள் தொமொயுகி போன் செய்தான். "எங்க ஆபீஸர் செய்தியப் பாத்துட்டு எனக்குத் துக்க லீவு குடுத்துட்டாரு. வேணாம்னு சொன்னா அவருக்குச் சங்கடம். வாங்கிக்கிட்டேன்."

"அப்ப ஊருக்கு வாங்களேன். நாகிசா சரியாச் சாப்பிடறதில்ல."

"படத்துல நான் சிங்கப்பூர்ல இருக்கேனாமே?" என்றான். அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. வருவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அஞ்சலிக்கு யுகாரி கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் வரிசையில் உட்கார வேறு ஆள் இல்லை. கறுப்பு உடையும் ஒற்றை முத்துமாலையும் போட்டுக்கொண்டு போனாள். இரண்டாள் உயரத்துக்கு அந்தச் சாஸர் கண்ணுக்காரியின் படம் வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கறுப்பு உடையில், வரிசை குலையாமல், ஊதுபத்திப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிக்கு உயர்த்தித் தணலில் போட்டுவிட்டு அழுதபடி நகர்ந்தார்கள்.

"சென்சே, படத்துக்குப் பக்கத்துல மட்டும் நிக்காதீங்க" என்று மியாசே காதோடு சொன்னாள். "ஒப்பிட்டுப் பாத்துருவாங்க."

அழுது முகம் வீங்கின ஒருவன் யுகாரியின் முன்னால் நின்று வணங்கினான். "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"நான்தாங்க அவங்க."

"உங்க துக்கம் எனக்குப் புரியுது" என்று சொல்லி அவன் இன்னும் அழுதான்.

உதாகவா ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றார். எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. "அவங்க நல்ல அம்மா. இருந்திருந்தா பன்னெண்டு வாரமும் இருந்திருக்கணும். ஆனா ஒரு ஆள் உசுரோட இருந்தா வாராவாரம் வரையணும். செலவு இருக்கு. அவங்க போனதாலதான் மத்த பாத்திரங்களோட கண்ண நாங்க இவ்வளவு பளபளப்பாப் பண்ண முடிஞ்சுது. அம்மாங்கறவ அதுதானே? தன்ன அழிச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு..." குரல் தழுதழுத்தது. மண்டபமே தேம்பியது. யுகாரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் கத்திவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பேச்சு முடிந்து வரிசை மறுபடி வெகுநேரம் நகர்ந்தது, பிறகு சட்டென்று நின்றது. தணலுக்கு முன்னால் போய் நின்ற ஒரு பெண் நகரவில்லை. பள்ளிச் சீருடையில் இருந்தாள். படிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாகத் துக்க உடை கிடையாது. சாவு வீட்டுக்கும் சீருடைதான். ஆனால் இவள் சீருடை நடுநிலைப் பள்ளியுடையது. சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுபோயிருந்தது, பாவாடையும் போதவில்லை. தலைமுடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. முகம் சோற்றுப் பருக்கைபோல வெளுத்திருந்தது. அவள் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்தாள், அதையே பார்த்தாள், திரும்ப டப்பாவில் போட்டாள். பிறகு சொந்தக்காரர்கள் வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா."

யுகாரிக்கு அந்தக் குரலை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. அதைக் கேட்டு அவ்வளவு நாளாயிற்று. நாற்காலி சாய எழுந்து ஓடினாள். மகள் தன்னைவிட உயரமாகிவிட்டாள் என்பதை அப்போதுதான் கண்டாள்.

"எப்படிடி வந்தே?"

"ரயில்ல" என்றாள் நாகிசா. "போன்ல பாத்துட்டிருந்தேன். எல்லாரும் அழறாங்க. நீ ஓரமா உக்காந்திருந்தே. அசையவே இல்ல. ரொம்ப நேரம் அசையல. எனக்குப் பயமாயிடுச்சு. யாராவது ஒருத்தர் நேர்ல வந்து நீ உசுரோட இருக்கியான்னு பாக்கணும்ல?"

"இருக்கேன்டி, இருக்கேன். பாரு."

அவ்வளவு பேர் நடுவில் அவர்கள் பேசியது அவ்வளவுதான். உதாகவா ஒலிபெருக்கியை விடவில்லை. "பாத்தீங்களா! மக வந்துட்டாங்க! அம்மா செத்தா மக கதவத் திறப்பாங்கன்னு கமிட்டி முன்னாடியே சொல்லுச்சு. பன்னெண்டாவது வாரம்தான் திறப்பாங்கன்னு நெனச்சோம், இவங்க நாலாவது வாரத்துலயே..." கமிட்டி எழுந்து நின்று கை தட்டியது. கூட்டமும் தட்டியது. பிறகு செல்போன்கள் உயர்ந்தன. யார் பார்வையும் படாமல் இத்தனை காலம் கதவுக்குப் பின்னால் இருந்த பெண்ணை ஆயிரம் கண்ணாடிக் கண்கள் ஒரே நேரத்தில் பார்த்தன. நாகிசா கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். யுகாரி கறுப்புக் கோட்டைக் கழற்றி அவள் தலையோடு போர்த்தி வாசலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனாள்.

மியாசே மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தாள். "சென்சே! மக வேஷம் பிரமாதம்! ஆனா நம்ம படத்துல சீருடை ரிப்பன் சிவப்பு. இவங்க நீலம் போட்டிருக்காங்க. அடுத்த வாட்டி மட்டும் கொஞ்சம்..."

"அடுத்த வாட்டி எதுவும் கிடையாது" என்றாள் யுகாரி. அவள் வணங்காமல் ஒருவரிடமிருந்து விடைபெற்றது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் நாகிசா ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யுகாரி கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. யாரோ மாடியில் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. தாள் இல்லை, புள்ளி இல்லை, குரல்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் போனது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டி கண்ணு."

மடியில் செல்போன் அதிர்ந்தது. உதாகவா. எடுக்காமல் விட்டால் விடாமல் அடிப்பார் என்று எடுத்தாள்.

"சென்சே, கமிட்டி இப்பதான் கூடிக் கலைஞ்சுது. இன்னிக்கு நடந்ததயே கடைசி வாரமா வெச்சுக்கறதுன்னு ஒருமனதாத் தீர்மானம். உண்மைச் சம்பவம்னு போட்டுக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். மக வெளிய வந்தப்ப மொதல்ல என்ன வசனம் சொன்னாங்க? அழுகைச் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல. கமிட்டியில மூணு வசனம் வந்திருக்கு, வாசிக்கறேன், கேளுங்க. ஒண்ணு..."

அவர் வாசித்தார். மூன்றும் அழகாக இருந்தன. மூன்றிலும் மழை வந்தது. இல்லை, அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று நடுவில் சொல்ல யுகாரி இடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மரியாதைக்குரிய மனிதர் பேசும்போது குறுக்கே விழுந்து பழக்கமில்லை.

"அம்மா, இருக்கியா?"

போனில் வாசிப்பு நின்றது. "சென்சே! அதுதான்! அது என்ன வசனம்? அற்புதம்! செத்துப்போன அம்மாகிட்ட மக கதவுக்கு உள்ளேருந்து கேக்கறா. பதில் வரல. அப்படியே கறுப்புத் திரை. ஒரு நிமிஷம், எழுதிக்கறேன், 'அம்மா... இருக்கியா'. பதில் மட்டும் சொல்லிராதீங்க, சென்சே, எவ்வளவு நேரம் அமைதி தாங்குதுன்னு பாத்துக்கறேன்."

யுகாரி போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

"அம்மா?" உள்ளே குரல் உடைந்தது. கட்டிலிலிருந்து யாரோ தடுமாறி இறங்கும் சத்தம். "அம்மா! அம்மா!"

"இருக்கேன்!" என்று யுகாரி கத்தினாள். போன் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு கையாலும் கதவை அடித்துக்கொண்டே கத்தினாள். "இருக்கேன்டி! இங்கதான் இருக்கேன்! இருக்கேன்! இருக்கேன்!"

தரையில் கிடந்த போனிலிருந்து உதாகவா மிகுந்த மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "சென்சே, கொஞ்சம் மெதுவா. காட்சி கெட்டுப்போவுது."